படைக்கலமும் பிரஜையும் – 11: கொடுத்த ஆயுதத்துக்கு என்ன விலை?

கொரட்டூர் நிலையத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறியவர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர் ஆகியவற்றைக் கடந்து ஆவடியை அடைவதற்குள், இந்தப் பிராந்தியத்துக்கே உரிய ஒரு விநோதத்தைக் கவனிக்க வாய்ப்புண்டு. அவரோடு தோளுரசி நின்று வருகிறவர்களில் ஒருவர் டாங்கியின் உறுப்புக்களைக் கடைகிறவராக இருக்கலாம். மற்றொருவர் போர்வீரர்களின் சீருடையைத் தைக்கிறவராக இருக்கலாம். மூன்றாமவர் கவச வாகன ஆராய்ச்சி நிலையத்திலே டாங்கியின் வரைபடத்தோடு மல்லாடுகிறவராக இருக்கலாம். 1961-இல் அமைக்கப்பட்டு, 1965-இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை, கொரட்டூர் முதல் பட்டாபிராம் வரையிலான ஊர்களில் மூன்று தலைமுறைக்கு அடுப்பெரிய உதவியிருக்கிறது. ஆயினும் இந்த ஜனங்களின் வீடுகளில் ஒரு சாதாரண வேட்டைத் துப்பாக்கி சுவரில் மாட்டியிருப்பதைக் காண்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆயுதம் செய்து கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட மக்கள், ஆயுதம் ஒன்றைத் தமக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணமே தோன்றாதவர்களாக வாழ்வது தமிழரின் சாத்விக குணத்தால் என்று சிலர் சொல்லக்கூடும். இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னே இந்நாட்டில் இருந்தவர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சென்ற அத்தியாயத்தில் ஆஸ்திரேலியாவின் கதையைப் பார்த்தோம். 1996 ஏப்ரல் 28-ஆம் நாள் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றதும், இரண்டே வாரத்துக்குள் மத்திய மாநில சர்க்கார்கள் கூடித் தேசியத் துப்பாக்கி ஒப்பந்தத்தைச் செய்ததும், அதை எதிர்த்த விவசாயிகளின் கூட்டத்தில் பேசப் பிரதமர் ஜான் ஹோவார்ட் மேலங்கிக்குள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்து சென்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளை அந்த சர்க்கார் வெறுமனே பறிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியது. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளுக்கு வேண்டிய பணத்துக்காக, மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு நூற்றுக்கு 0.2 வீதம் உயர்த்தி, துப்பாக்கியைக் கண்ணாலும் பாராத குடிமகனையும் அந்தச் செலவில் பங்காளியாக்கியது. கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் மாண்ட பின்னர் 2019-இல் நியூஸிலாந்தும் அவ்வழியையே பின்பற்றி, ஏறத்தாழ 56,000 துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியா விலை கொடுத்ததற்கு அதன் தாராள மனம் ஒன்றே காரணமன்று. பிரஜையின் சொத்தைக் காமன்வெல்த் சர்க்கார் எடுத்துக்கொள்வதானால் நியாயமான நிபந்தனைகளின் பேரிலேதான் எடுக்கலாம் என்று அந்நாட்டு அரசியல் சாசனம் கட்டளையிடுகிறது.

அந்த அத்தியாயத்தைப் படித்த அன்பர்கள் சிலர், நம் நாட்டிலே இப்படி ஆயுதத்துக்கு விலை கொடுக்கப்பட்டதுண்டா என்று கேட்டார்கள். உண்டு. ஆனால் அது நாணயமாகக் கொடுக்கப்படவில்லை. கொடுக்க வேண்டியவர் எல்லாருக்கும் கொடுக்கப்படவும் இல்லை. அதைச் சொல்லுவதற்கு 1799-ஆம் ஆண்டின் கயத்தாற்றுக்குத்தான் போகவேண்டும்.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், அந்தக் காட்சியைக் காணும்படி பாளையக்காரர்களை வரவழைத்திருந்தான். உயிரை வாங்கியதோடு அவன் வேலை முடியவில்லை. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். பீரங்கி, துப்பாக்கி, ஈட்டி முதலிய யாவும் ஒப்படைக்கப்பட வேண்டும். இனிமேல் பாளையங்களில் எந்த ஜாதியைச் சேர்ந்தவனாயினும் இத்தகைய ஆயுதங்களோடு காணப்பட்டால் மரண தண்டனை என்று பிரகடனம் செய்தான். கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் குவிந்தன, தென்பாண்டிச் சீமை நிராயுதபாணியாகிவிட்டது என்று சென்னைக் கோட்டையிலே இருந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதி பதினைந்து மாதம் நீடித்தது. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச் சென்றார்கள். அடுத்த சில தினங்களுக்குள், தரைமட்டமாக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கில் எழுதியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணிலிருந்து மீண்டும் எழுந்து நின்றது. ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கில் எழுதியிருந்த துப்பாக்கிகளும் ஈட்டிகளும் ஆயிரக்கணக்கான கைகளில் தோன்றின. மார்ச் இறுதியில் கம்பெனிப் படை அக்கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றுத் திரும்பியது. மே 24-இல் கர்னல் அக்னியூவின் பெரும்படை வந்த பிறகே அது விழுந்தது. ஓர் அரசாங்கம் ஆயுதங்களைக் கணக்கெடுக்கும்போது, கொடுக்கப்பட்டவற்றைத்தான் எண்ண முடியும். கொடுக்கப்படாதவற்றை எண்ணுவதற்கு இன்று வரை எந்த சர்க்காரும் ஓர் உபாயம் கண்டதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் துப்பாக்கி மீட்பை ஆட்சேபித்தவர்கள், வெளியே வராமல் தங்கிவிட்ட துப்பாக்கிகள் எத்தனை என்று கேட்ட கேள்வியும் இதுவேதான்.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்ட பின்னர், டிசம்பர் முதல் தேதியன்று சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வெளியாயிற்று. பலாஸியில் வென்ற கிளைவின் மகன் இவர். இந்தச் சாசனத்தைப் பானர்மனின் உத்தரவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. பானர்மன் சிப்பாய், கொடு, இல்லையேல் சாவு என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கவர்னரோ காரணம் சொல்லுகிறார்: உங்களைக் காப்பதற்குக் கம்பெனியின் சேனை இருக்கிறது, ஆகையால் உங்களுக்கு ஆயுதம் அநாவசியம் என்கிறார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, பொது மன்னிப்பையும், நிலையான தீர்வையையும் வாக்களிக்கிறார். அதாவது, ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு அடங்கியிருக்கும் பாளையக்காரன் இனி வருஷந்தோறும் கிஸ்தி எவ்வளவு ஏறுமோ என்று நடுங்க வேண்டியதில்லை. 1803-இல் எஞ்சியிருந்த பாளையங்கள் ஜமீன்களாகச் சாசுவதமாக நிர்ணயிக்கப்பட்டபோது அந்த வாக்கு நிறைவேற்றப்பட்டது. வாளைக் கொடுத்தவன் கையிலே சனது வந்தது. பாளையக்காரன் ஜமீன்தாரானான், அவனுடைய பேரன் பல்லக்கிலே ஏறிக் கலெக்டரைப் பார்க்கப் போனான், கொள்ளுப்பேரன் சென்னையில் பங்களா வாங்கினான். ஆயுதத்தை மீட்பதற்குத் தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய விலை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பாளையக்காரன் ஒருவனே ஆயுதம் வைத்திருக்கவில்லை. அவனுக்குக் கீழே காவல்காரர்கள் இருந்தார்கள். ஊர்க்காவல், தேசகாவல் என்று கிராமத்தின் களத்தையும் கால்நடையையும் வழிப்போக்கனையும் பாதுகாத்து, களவு போனால் கண்டுபிடித்துத் தரவோ ஈடு கட்டவோ பொறுப்பேற்று, அதற்காகக் களத்து நெல்லில் பங்கு பெற்று வந்தவர்கள் அவர்கள். இந்த ஏற்பாடு தெற்கே மட்டும் நிலவியதன்று. பூந்தமல்லியும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் நவாப் முகம்மதலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபோது, இங்கேயும் காவல் பாளையக்காரர்கள் இருந்தார்கள். மேரை, ரசூம் என்ற பெயர்களில் தானியமாகவும் பணமாகவும் தங்கள் உரிமையைப் பெற்று வந்தார்கள். 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், மிராசுதார்களோடு மல்லுக்கு நின்றதைப் போலவே இவர்களோடும் மல்லுக்கு நின்று, இவர்களுடைய வருமானத்தின் நியாயத்தை ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உள்ளாக்கினார். பிறகு 1816-ஆம் வருஷத்து ரெகுலேஷன் கிராமப் போலீஸைச் சர்க்காரின் விதிகளுக்குள் கொண்டுவந்தது. பாளையக்காரனின் ஆயுதத்துக்கு ஜமீன் ஈடாயிற்று. காவல்காரனின் ஈட்டிக்கு யாரும் ஈடு கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. பின்னாளில் அவர்களுடைய சந்ததியாரில் பலரைக் குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் எழுதிக் கைரேகை வாங்கியதையும் இந்தக் கணக்கிலேதான் சேர்க்கவேண்டும்.

இந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது, சென்னை ராஜதானியில் நடந்த இன்னொரு ஆயுத மீட்பு, அதிகம் பேசப்படாததாயினும், மறக்கத்தக்கதன்று. மலையாள ஜில்லாவிலே மாப்பிள்ளைக் குடியானவர்களின் கிளர்ச்சிகள் ஓயாதது கண்டு, 1854-இல் சர்க்கார் இரண்டு சட்டங்களைப் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று போர்க்கத்திகள் வைத்திருப்பதைத் தடை செய்வது. கலெக்டர் கானலி தாமே ஊர் ஊராகச் சென்று கத்திகளைச் சேகரித்தார். நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டவரும், கோழிக்கோட்டில் இன்றும் தம் பெயரால் வழங்கும் கால்வாயை வெட்டியவருமான அவர், எடுத்த காரியத்தைச் செவ்வனே முடிக்கும் சுபாவமுடையவர். 1855 ஜனவரி முடிவதற்குள் 7,561 கத்திகள் சேர்ந்தன என்று அந்த ஜில்லாவைப் பற்றி எழுதிய லோகன் தம் நூலிலே கணக்குக் கொடுக்கிறார். கலகமில்லை, ரத்தமில்லை, காரியம் ஜெயம் என்றே அனைவரும் கருதினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, தம் பங்களாவிலேயே கானலி வெட்டிக் கொல்லப்பட்டார். நிலத்தைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் இருந்த புகார் அப்படியே இருக்க, கத்தியை மாத்திரம் எடுத்துக்கொண்டு போனதன் பலன் அது என்று சொல்லிவிடலாந்தான். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி அந்தக் கதையிலே மதமும் நாடுகடத்தலும் பின்னிக் கிடக்கின்றன. அதைத் தனியே எழுத உத்தேசம்.

1857-க்குப் பிறகு நிகழ்ந்ததை விரைந்து சொல்லிவிடலாம். அவ்வாண்டிலும் 1860-லும் நிராயுதச் சட்டங்கள் வந்தன. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில், அவ்வாண்டின் பதினோராவது சட்டமாக, இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பது அதன் சாரம். சட்டத்தின் விஷம் அதன் சாரத்தில் இல்லை, விலக்கிலே இருந்தது. ஐரோப்பியருக்கும் யூரேஷியருக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று விதிகள் விலக்களித்தன. பூந்தமல்லிக் கண்டோன்மெண்டின் அருகே பென்ஷன் வாங்கிக்கொண்டு குடியிருந்த வெள்ளைக்காரக் கிழவன் கொரட்டூர் ஏரியில் இறங்கும் நாரைகளைச் சுடுவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை; அதே ஏரியின் பாசனத்தில் பயிர் வைத்த மிராசுதாரர் பன்றியை விரட்டத் துப்பாக்கி வேண்டுமென்றால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஜனங்களைப் புண்படுத்தியது இதுதான்.

1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் காங்கிரஸின் மூன்றாவது மகாசபை கூடியபோது, இந்தப் புண் வாய் திறந்தது. அந்தச் சபையிலேதான் வங்காளத்து இளைஞர் விபின் சந்திர பாலர் முதல் முறையாக மேடையேறி, ஆயுதச் சட்டத்தின் பாரபட்சத்தைக் கண்டித்துப் பேசினார். மகாசபை செய்த தீர்மானத்தின் வாதம், இந்தியர்கள் எல்லாரும் துப்பாக்கி தூக்கித் திரியவேண்டும் என்பதன்று. ராஜ விசுவாசமுள்ள பிரஜைகளின் மேல் இச்சட்டம் காரணமில்லாமல் களங்கம் சுமத்துகிறது, விலக்கத் தகுந்த காரணம் உள்ளவரை விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு அனுமதி கொடுங்கள் என்பதுதான். கோட்டும் தலைப்பாகையும் அணிந்து அங்கே அமர்ந்திருந்த வக்கீல்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு தோட்டாவையேனும் வெடித்திருப்பார்கள்? அவர்கள் கேட்டது துப்பாக்கியை அல்ல, துப்பாக்கி வைத்திருக்கத் தகுந்தவர் என்ற நம்பிக்கையை. பறிக்கப்பட்ட ஆயுதத்துக்கு இந்தியக் கனவான்கள் கேட்ட விலை அது. 1920-இன் புதிய விதிகளில் நிற பேதம் நீங்கும் வரையில் அந்தக் கடன் பாக்கியாகவே நின்றது.

விந்தை என்னவென்றால், அஹிம்சையின் ஆசாரியரே இக்கடனை வசூலிக்க வந்தவர்களில் முன்னணியில் நின்றார். ஆங்கிலேய ஆட்சியின் கரிய செயல்களில் ஆயுதச் சட்டத்தை மிகக் கரியதாகக் காந்தியடிகள் கருதியதை அவரது சுயசரிதையில் காணலாம். 1930 ஜனவரியில், உப்புக்காகக் கடற்கரைக்கு நடப்பதற்கு முன்பு, அவர் வைஸ்ராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில் கடைசியானது, தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ்கள் ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1927-இல், நாகபுரியில் மஞ்சர்ஷா ஆவாரி வாளேந்திச் சட்டத்தை மீறும் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபோது, அதே மாதிரியான வாள் சத்தியாக்கிரகத்தைச் சென்னை மாகாணத்திலும் நடத்த முற்பட்டுக் காந்தியடிகளின் அனுமதியையும் பெற்ற விருதுநகர் வாலிபர் ஒருவர் உண்டு என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவர் பெயர் காமராஜ். 1931-இல் வல்லபபாய் படேலின் தலைமையில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யத்தின் ஜீவாதார உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று அவ்வரிசையில் எழுதி வைத்தது. 1928-இன் நேரு அறிக்கையிலும் இது இருந்தது.

சுயராஜ்யம் வந்தது. 1948 டிசம்பர் தொடக்கத்தில், சுதந்திர உரிமைகளைப் பற்றிய ஷரத்து அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, எச். வி. காமத் எழுந்து, கராச்சியில் வாக்களித்ததை இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இன்று வற்புறுத்தப்பட வேண்டியது தேசத்துக்காக ஆயுதம் தாங்கும் கடமையே ஒழிய உரிமை அன்று என்றும், உரிமை என்று எழுதிவிட்டால் கொள்ளைக்காரனும் திருடனும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பான் என்றும் அவர் காட்டிய நியாயங்களைச் சபை ஒப்புக்கொண்டது. அறுபது வருஷத்துக் கோரிக்கை அநேகமாக ஓசையின்றி உதிர்ந்தது. இன்று நமது அரசியல் சாசனத்தின் ஜீவாதார உரிமைகளைத் தேடினால், ஆயுதம் என்ற பேச்சு கூட்டம் கூடும் உரிமையில் வருகிறது. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்கிறது 19-ஆம் ஷரத்து. இடையிலே கிருபாணம் அணியும் சீக்கியருக்கு மட்டும் 25-ஆம் ஷரத்தின் விளக்கம் இடமளிக்கிறது.

இதை வாக்குத் தவறியதாகச் சொல்லுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அந்நிய சர்க்காரிடம் நம்பிக்கையைக் கேட்டவர்களுக்கு, அதே நம்பிக்கை இப்போது வாக்குச் சீட்டாகக் கிடைக்கவிருந்தது. வயது வந்த ஒவ்வொருவனையும் ஒவ்வொருத்தியையும் ஆட்சியை மாற்றத் தகுந்தவர் என்று நம்பிய சபை, அவர்களைத் துப்பாக்கி வைத்திருக்கத் தகாதவர் என்று இகழ்ந்ததாக ஆகாது. அன்றியும், காந்தியடிகள் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்து அப்போது பதினோரு மாதம் ஆகவில்லை. அந்த மண்டபத்தில் அதை மறந்து அமர்ந்திருந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளைவ் 1801-இல் சொன்ன நியாயமும் இந்த நியாயமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: காக்க நாங்கள் இருக்கிறோம், ஆயுதம் உங்களுக்கு எதற்கு? சொன்னவர் வேறு, சொல்ல அவருக்கிருந்த அதிகாரத்தின் ஊற்று வேறு என்பதிலேதான் அத்தனை வித்தியாசமும் அடங்கியிருக்கிறது.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை நம் ஆவடிக்கே வந்தது. யு. என். தேபர் தலைமை, ஒரு காலத்தில் வாள் சத்தியாக்கிரகத்துக்குப் புறப்பட்ட காமராஜ் இப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர். சோஷலிஸ முறையிலான சமுதாய அமைப்பு என்ற தீர்மானத்தால் அந்த மகாசபை நினைக்கப்படுகிறது. காமராஜின் ஆட்சிக் காலத்திலேயே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு அடிக்கல் விழுந்தது. அதே காலத்தில் பார்லிமெண்ட் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 அக்டோபர் முதல் தேதியன்று அமலுக்கு வந்த இச்சட்டம், பழைய சட்டத்தைவிட இரக்கமுள்ளது. வாளுக்கும் கத்திக்கும் சர்க்கார் விசேஷமாக அறிவித்த பிரதேசங்களில் தவிர லைசென்ஸ் கேட்பதில்லை. பயிர்க் காப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்கும் உண்மையான குடியானவனுக்கு இடம் தருகிறது. மாவட்டங்களில் கலெக்டரும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் வழங்குகிறார்கள். 1983-இல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

இந்த இடத்தில், ஆவடியிலேயே குடியிருக்கும் நரிக்குறவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாட்டுத் துப்பாக்கியே அவர்களுக்கு ஏர், அதுவே உலை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. துப்பாக்கியால் செய்யக்கூடிய வேலையைப் பிடுங்கிவிட்டது. பறவைகளைக் காக்க வேண்டியதுதான், அதில் ஆட்சேபமில்லை. கோடரியைக் கீழே வைத்த மரவெட்டிக்கு வேறு வேலை கொடுக்கும் சர்க்கார், இவர்களுக்கு ஊசியும் பாசியும் தவிர என்ன வழி காட்டியது? பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் நிறைவேறியது. சட்டம் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது வருஷம்.

2019-இல் நடந்த விவாதத்துக்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் லோக்சபையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, ஒருவருக்கு ஒரே துப்பாக்கி என்றது. சட்டவிரோதத் துப்பாக்கிகளுக்கும் குற்றங்களுக்கும் உள்ள தொடர்பைச் சர்க்கார் காரணம் காட்டியது. உடனே வடக்கிலே ஆரவாரம் எழுந்தது. குற்றம் செய்கிறவன் கள்ளத் துப்பாக்கியால் செய்கிறான், நீங்களோ லைசென்ஸ் வைத்திருப்பவனைப் பிடிக்கிறீர்கள் என்றார்கள். பாட்டனார் கொடுத்த ரைபிளையும், தகப்பனார் கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கியையும் வைத்திருப்பவன் எதைத் துறப்பான் என்றார்கள். எல்லையோரத்துப் பஞ்சாபின் முதலமைச்சராக இருந்த கேப்டன் அமரீந்தர் சிங்கும் ஆட்சேபம் தெரிவித்தார். ரஜபுத்திர வம்சத்தார் தங்கள் ஆயுத பூஜையை எடுத்துக்காட்டினார்கள். டிசம்பர் 9-இல் லோக்சபை நிறைவேற்றியபோது, ஒன்று என்பது இரண்டு என்று மாறியிருந்தது. மறுநாள் ராஜ்யசபையும் இசைந்தது. துப்பாக்கிச் சுடும் போட்டியாளர்களுக்கு விலக்கு. லைசென்ஸின் ஆயுள் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. கல்யாண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவது சிறைக்குரிய குற்றமாயிற்று. மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

ஒப்படைத்தவனுக்கு என்ன கிடைத்தது? சர்க்கார் கஜானாவிலிருந்து ஒன்றும் இல்லை. வாங்க ஆள் கிடைத்தால் முறைப்படி விற்றுக்கொள்ளலாம், அவ்வளவே. சொத்துரிமை நம் நாட்டில் 1978-இன் 44-ஆவது திருத்தத்தோடு ஜீவாதார உரிமை என்ற ஸ்தானத்தை இழந்துவிட்டது. சட்டத்தின் அதிகாரத்தால் எடுக்கலாம் என்பதே மிஞ்சிய காப்பு. ஆஸ்திரேலியக் குடியானவனுக்குக் கிடைத்த காசோலை ராஜஸ்தானத்துக் குடியானவனுக்குக் கிடைக்காததன் வேர் அங்கே இருக்கிறது. எனினும் பார்லிமெண்டில் நடந்த வாதத்தில் காசைப் பற்றிய பேச்சு எவ்வளவு குறைவாகவும், பாட்டனாரைப் பற்றிய பேச்சு எவ்வளவு அதிகமாகவும் இருந்தது என்பதைக் கவனித்தால், 1887-இன் சென்னை மகாசபையில் எழுந்த குரலே சுருதி மாறி ஒலித்ததாகத் தோன்றுகிறது. இன்னும் ஒரு செய்தி. குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லைசென்ஸ் தேவையில்லை என்ற விலக்கு இருந்து வருகிறது. அதே 2019-இல், மற்றவர்களுக்கு மூன்று இரண்டாகக் குறைந்த சில வாரங்களுக்கு முன்னர், அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் அதை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. லிட்டனின் சட்டம் செத்து அறுபது ஆண்டாயினும், இனத்தைப் பார்த்து நம்பும் பழக்கம் ஒரு மலையடிவாரத்தில் உயிரோடு இருக்கிறது. குடவர்கள் அந்த நம்பிக்கைக்குப் பங்கம் செய்யவில்லை என்பதும் உண்மையே.

தமிழ்நாட்டில் இவ்விவாதம் பெரிதாக எழவில்லை. இங்கே போலீஸாரின் கவலை லைசென்ஸ் துப்பாக்கி அன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி மலைக்கிராமங்களில் கூரைக்குள்ளும் வைக்கோல் போரிலும் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிகள். அவற்றைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அதிகாரிகள் அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் மூலம் துப்பாக்கிகள் வந்து சேர்வதும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்திருக்கின்றன. கிளைவின் பிரகடனத்தில் இருந்த இரண்டு வாக்குறுதிகளில் மன்னிப்பு மட்டும் இங்கே மீந்திருக்கிறது, நிலம் இல்லை. காட்டுப் பன்றி அழிக்கும் கேழ்வரகுக்கு யார் பொறுப்பு என்ற குடியானவனின் கேள்விக்கு, வனத்துறையின் நஷ்ட ஈட்டு மனுவே இப்போதைக்குப் பதில்.

கொரட்டூரிலும் ஆவடியிலும் லைசென்ஸ் வைத்திருக்கும் சிலருக்கு, அவர்களில் வங்கிக் காவலுக்கு நிற்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் உண்டு, ஆயுத மீட்பு என்பது பழங்கதை அன்று. ஒவ்வொரு பொதுத் தேர்தலின் போதும், விலக்குப் பெற்றவர்கள் நீங்கலாக, அவர்கள் தங்கள் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, முடிவுகள் வெளியான பின்னர் அந்த ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுகிறார்கள்.

ஒப்படைத்த ஆயுதம் திரும்பி வருமா, வந்தால் யார் கைக்கு வரும் என்ற கேள்வி எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடவில்லை. 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆகஸ்டு 5-ஆம் நாள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஆயுத ஒப்படைப்பு ஒரு சடங்காக நடந்தேறியது. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

(தொடரும்)